விடுதலைப் பத்திரம்

சவுரிராயனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் ஒரு முழு நாடகத்தையும் அதன் இருபத்திரண்டு பாட்டுகளையும் தலைக்குள்ளேயே கட்டி வைத்திருந்தான். திண்டிவனத்தை அடுத்த ஒரு பண்ணையில் அவன் படியாள். அவன் அப்பனும் அங்கேயே படியாளாக இருந்துதான் செத்தான். எல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கிடையே களை பறித்துக்கொண்டே கட்டிய பாட்டுகள். அவற்றில் ஒரு தாலாட்டு, மகள் பூமாலை பிறந்த வாரத்தில் அவளுக்காகவே கட்டியது.

விழுப்புரத்தில் நாடகக் கொட்டகை வைத்திருந்த தட்சிணாமூர்த்தி அந்தப் பாட்டுகளில் சொக்கிப் போனார். ஆர்மோனியக்காரரை விட்டு ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"நாடகம் உன்னுது, கொட்டாய் என்னுது. ரெண்டு பேரும் கூட்டு. பத்திரமே போட்டுக்கலாம் சவுரி" என்றார்.

கூட்டாளி ஆகிவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு விழுப்புரம் போய்விடலாம். பண்ணை வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம். சவுரிராயன் கண்ட கனவெல்லாம் அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதும் பாண்டுரங்கன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன பத்திரம் எழுதணும்? கூட்டுப் பத்திரமா, குத்தகைப் பத்திரமா, விடுதலைப் பத்திரமா?"

"நாடகம் அவனுது. அவனே சொல்லட்டும்" என்றார் தட்சிணாமூர்த்தி. என்ன பெருந்தன்மை, பாருங்கள்!

விடுதலை என்ற சொல் காதில் விழுந்ததும் சவுரிராயனுக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டுத்தான் வாய்ப்பேச்சிலேயே முடிவாகிவிட்டதே. குத்தகை ஆண்டைகள் சமாசாரம். விடுதலைக்கும் ஒரு பத்திரம் உண்டு என்று இத்தனை வயதில் அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை.

"விடுதலைப் பத்திரமே எழுதுங்க சாமி!"

பாண்டுரங்கன் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி தெருவில் போன ஜட்காவைப் பார்த்தார்.

எழுதியதை வாசித்தும் காட்டினார்கள். '...இனி எனக்கும் என் சந்ததிகளுக்கும் இதில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை...' சவுரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பண்ணைத் தொடர்ச்சி தன்னோடு அறுந்தது, பூமாலை அங்கே சாணி அள்ளப் போவதில்லை என்றுதான் பாவி மனுஷன் புரிந்துகொண்டான். கட்டைவிரலை அழுத்திப் பதித்தான்.

மறுநாளே பண்ணையில் சொல்லிவிட்டு, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, மனைவி ஜெயத்தோடும் குழந்தையோடும் விழுப்புரம் கொட்டகை வாசலில் போய் நின்றான்.

"என்ன சவுரி, மூட்டையோட?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"கூட்டாளின்னீங்களே. வந்துட்டேங்க."

"நீதான் விடுதலை எழுதிக் குடுத்துட்டியே! உன் பாத்தியத்தை எனக்கு விட்டுட்டேன்னு அர்த்தம். அதை நானா கேட்டேன்? உன் வாயாலதான சொன்ன?"

அவர் சொன்னதில் ஓரெழுத்தும் பொய்யில்லை. வயிறு எரிவதே அதனால்தான்.

வேறு போக்கிடம் ஏது? வந்த வழியே திரும்பி, ஆண்டை காலில் விழுந்து அதே வேலையைக் கேட்டு வாங்கினான்.

அடுத்த நாள் உச்சி வேளையில், கொல்லை ஓரத்து வேப்பமரத் தூளியில் பூமாலை வீறிட்டு அழுதாள். ஜெயம் கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தூளியை ஆட்டிக்கொண்டே அந்தத் தாலாட்டை எடுத்தாள். சவுரிராயன் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான்.

"பாடாத ஜெயம். அது நம்முது இல்ல. எனக்கும் இல்ல, என் சந்ததிக்கும் இல்லன்னு கைநாட்டு வச்சிட்டேன்."

ஜெயம் தூளியை மட்டும் ஆட்டினாள். பாட்டு வரும் வரும் என்று பூமாலை வெகுநேரம் அழுதாள்.