சால்தோல் போட்ட காற்றுத் துப்பாக்கி

1

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கினேன். நாற்பது வருடம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் நான், முகவரி இல்லாத கடிதத்தைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கடிதத்துக்கோ யார் முகவரியை எழுதுவதென்றே தெரியவில்லை. அதனால் இது கதையாகிவிட்டது.

குழப்பம் என் அம்மா பச்சையம்மாவால் வந்தது. நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1943 ஐப்பசியில், ஜவ்வாது மலையில் எங்கள் சாமைக் கொல்லையில் ஒரு சோதனைக்காகக் காற்றுத் துப்பாக்கி ஒன்று மூன்று முறை சுடப்பட்டது. அல்லது இரண்டு முறை. அம்மா அதைத் தன் ஆயுசில் மூன்று விதமாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வேறொருவரை நினைத்துக் கை கூப்பினாள். நானும் மூன்று முறையும் நம்பினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்..."

வேண்டாம். பனி இறங்கினால் கிளி வராது. கிளி வராவிட்டால் அம்மாவுக்குத் துப்பாக்கியே தேவையில்லை.

இரண்டாம் முயற்சி: "உலகமெங்கும் பெரிய துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சின்னத் துப்பாக்கி..."

இதை எழுதிவிட்டு நானே மீசையைத் தடவிக்கொண்டேன். அப்படித் தடவ வைக்கும் வாக்கியத்தை உடனே அடித்துவிட வேண்டும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பழம்புடவையில் சுற்றிய நீளமான ஒரு பொருளைத் தோளில் வைத்துக்கொண்டு, மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு நடந்து இறங்கினாள்.

இது இருக்கட்டும்.

3

அந்தத் துப்பாக்கி ஒரு சர்வே துரையுடையது. அவருக்கு நிலம் அளக்கும் சங்கிலி இழுக்கப் போன என் அப்பா கருப்பனிடம் அதைக் கொடுத்துவிட்டு துரை யுத்தத்துக்குப் போனார். அப்பாவும் அஸ்ஸாம் பக்கம் மிலிட்டரி ரோடு போடப் போய்விட்டார். கொல்லையில் மிஞ்சியது அம்மாவும், துப்பாக்கியும், ஒரு டப்பா ஈயக் குண்டும், வயிற்றில் நானும்.

இரண்டு வருடம் முன்பு கிளிக்கூட்டம் சாமையைச் சுத்தமாகத் தின்றுவிட்டிருந்தது. அந்தத் தையில் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குடிக்கக் கஞ்சி இல்லாமல் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. இருபத்திரண்டு நாள்தான் அது இருந்தது. [இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.]

ஆகவே இந்தத் தடவை சாமை வீடு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். துப்பாக்கியோ கிழமாகிவிட்டது. சுட்டால் குண்டு குழலைவிட்டு வெளியே வந்து, யோசித்து, காலடியில் விழும். கிளிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

4

ஒடுகத்தூரில் ஆர்மோனியம், தையல் மிஷின், பெட்ரோமாக்ஸ் எல்லாம் சரிசெய்யும் சந்தியாகப்பனின் கடை.

(அவர் பெயர் எனக்குத் தெரியாது. அம்மா எப்போதும் "பொட்டி ரிப்பேருக்காரரு" என்றுதான் சொல்வாள். வேதக்காரர், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், நடந்தால் மூச்சிரைக்கும் என்பவை மட்டும் அம்மா சொன்னவை. பெயர் நான் வைத்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னித்து, சரியான பெயரை ஒரு கார்டில் எழுதிப் போடவும்.)

அவர் துப்பாக்கியைப் பிரித்து ஒரு துணியின்மேல் வரிசையாக வைத்தார்.

"இதுல இன்னா கீதும்மா, ஒரு ஸ்பிரிங்கு, ஒரு பிஸ்டன், காத்து. அவ்ளோதான். ஆர்மோனியம் மாதிரியே. காத்து ஓட்டை வழியா ஓடிப்போச்சுன்னா பாட்டும் வராது, குண்டும் வராது."

"ஓட்டை எங்க கீதுங்க?"

"ஓட்டை இல்ல. பிஸ்டன் தலையில தோல் வாசர் ஒண்ணு கீது பாரு, வத்திப்போன ஆரஞ்சுத் தோலாட்டம் ஆயிருக்குது. ஸ்பிரிங்கும் தளர்ந்துபோச்சு."

புது ஸ்பிரிங்குக்கு யுத்த காலத்தில் எங்கே போவது? பழைய ஸ்பிரிங்கின் பின்னால் மூன்று பித்தளை வில்லைகளைக் கொடுத்து அதை இறுக்கினார். குழாயின் உள்பக்கத்தைச் சலித்த சாம்பலும் துணியும் கொண்டு, முகம் தெரியும்வரை தேய்த்தார். வாசருக்கு ஆர்மோனியத் துருத்தியின் ஆட்டுத் தோலை வைத்துப் பார்த்தார், மெலிசாக இருந்தது. அப்போது அவர் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த ஒரு கமலைச் சாலின் வால். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் சாலின் தோல். (எங்கள் பக்கம் கமலையைக் கவலை என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து விளையாட ஆசைதான், அடக்கிக்கொள்கிறேன்.) தடித்த மாட்டுத் தோல். தண்ணீரில் விறைக்காமல் இருக்க வருடக்கணக்காகப் புங்க எண்ணெய் குடித்தது.

அதில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மரக்கட்டையில் அழுத்திக் கிண்ணம்போல் வளைத்து, பிஸ்டன் தலையில் பொருத்தினார். கடை வாசலில் சுட்டுப் பார்த்தார். சத்தமே இல்லாமல் மண்ணெண்ணெய் டின் மூடியைத் துளைத்துக்கொண்டு குண்டு போயிற்று.

கூலியாக அம்மா கொண்டுபோயிருந்த தேனை வாங்கிக்கொண்டார். அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

5

தவறு அந்தத் தோலில் இருந்தது. அதைச் செய்ய ஆர்மோனியமும் கமலையும் தெரிந்த ஒருவரால்தான் முடியும், துப்பாக்கி மட்டும் தெரிந்தவர் செய்திருக்க மாட்டார்.*

* விளக்கம்: மலையேறும் வழியெல்லாம் வெயிலில் சூடேறி, தோல் குடித்திருந்த எண்ணெய் கசிந்து குழாய்க்குள் இறங்கியது. பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும்போது அந்தக் காற்று கொதிக்கிறது. எண்ணெய் பற்றிக்கொள்கிறது.

மறுநாள் காலை அம்மா கிளிக்கூட்டத்தைப் பார்த்துத் துப்பாக்கியின் விசைக் குதிரையை இழுத்தாள். டமால்! குழல் வாயில் நீலப் புகை. குண்டு எங்கே போனதென்று தெரியாது. ஆனால் கொல்லையிலிருந்த கிளிகள் அத்தனையும் எழும்பி அடுத்த மலைக்குப் போய்விட்டன.

அம்மா அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம். குறி பார்த்துச் சுட்டால் ஒரு கிளி விழும். இந்தச் சத்தத்துக்கு ஐந்நூறு கிளி ஓடும். பெரியவர் தெரிந்தே இப்படிச் செய்திருக்கிறார் என்று நினைத்து, ஒடுகத்தூர் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளுடைய முதல் நன்றி இப்படித் தப்பான கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

6

காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், வெடிமருந்து போட்டுச் சுடும் மருந்துத் துப்பாக்கிக்கு வேண்டும். யுத்த காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் மருந்துத் துப்பாக்கி வைத்திருந்தால் நேராக ஜெயில்தான். எட்டாம் நாள் ஃபாரஸ்ட் கார்டு சக்கரவர்த்தி வந்தார். அதே நாள், அவருக்குக் கொஞ்சம் முன்னால், மூச்சிரைக்க சந்தியாகப்பனும் மலையேறி வந்து சேர்ந்திருந்தார். சந்தையில் புளி விற்க வந்த எங்கள் ஊர் லட்சுமணன் அவரிடம், "உங்க துப்பாக்கி வெடி மாதிரி வெடிக்குதுங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவருக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. எண்ணெய் படாத காய்ந்த தோல் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

[இவர்கள் இருவரும் ஒரே நாளில் வந்தார்கள் என்பதை வாசகர் நம்ப மாட்டார் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அம்மாவின் மூன்று கதைகளிலும் இது மட்டும் மாறவில்லை.]

"தோலை மாத்திடறேம்மா. இது ஆபத்து."

"மாத்தாதீங்க சாமி. வெடிச்சாத்தான் கிளி போவுது. இன்னும் பத்து நாள்ல அறுத்துடுவேன்."

இந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் கார்டு வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னா சத்தம் அது? கீழ ரேஞ்சரு காதுக்கே எட்டிச்சு. மருந்துத் துப்பாக்கி வச்சிக்கினு கீறியா?"

"இல்லீங்க. காத்துத் துப்பாக்கிங்க."

"காத்துக்குப் பொகை வருமா?"

சந்தியாகப்பன் துப்பாக்கியை அவர் எதிரிலேயே பிரித்துக் காட்டினார். மருந்து வைக்க இதில் இடமே இல்லை, எண்ணெய்த் தோலைப் போட்டது தன் தப்பு, பிடிப்பதென்றால் தன்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்றார். கார்டு எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கு ஆர்மோனியம் தெரியாது.

"மூணு தபா சுட்டுக் காட்டட்டும். மூணுலயும் சத்தம் வரலன்னா காத்து. ஒண்ணுல வந்தாலும் ரேஞ்சருகிட்ட சொல்லித்தான் ஆவணும். எனக்கும் புள்ளகுட்டி கீது."

மீண்டும் பூட்டிய துப்பாக்கியை அம்மா வாங்கினாள். குழலை மடித்தாள், குண்டு வைத்தாள். முதல் முறை: சொத். இரண்டாவது: சொத். எட்டு நாள் வெடித்ததில் எண்ணெய் எரிந்து தீர்ந்துவிட்டதோ என்னவோ. மூன்றாவதற்குக் குழலை மடித்தாள்.

7

இங்கேதான் அம்மா மூன்றாகப் பிரிகிறாள்.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் சொன்னது: மூன்றாவதும் சத்தமில்லை. ஏனென்றால், பிரித்துக் காட்டுகிற சாக்கில் சந்தியாகப்பன் தன் வேட்டி முனையால் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டிருந்தார். "அந்த மனுசன் மூச்சு வாங்க வாங்க நமக்காவ மலையேறி வந்தாரேடா" என்று கும்பிட்டாள்.

எனக்குக் கல்யாணமான வருடம் சொன்னது: வெடித்தது. நன்றாகவே வெடித்தது, புகையும் வந்தது. கார்டு பறந்துபோகும் கிளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளுடைய வயிற்றைப் பார்த்தார். "காத்துதாம்மா. காத்துக்கும் சில நேரம் இருமல் வரும். அறுக்கற வரைக்கும் இருமிக்கட்டும். ரேஞ்சரு கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டார். இதைச் சொல்லும்போது அம்மா அழுதாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில் சொன்னது:

"மூணாவது நான் சுடவே இல்லடா."

"பின்ன?"

"குதிரைல வெரல வச்சேன். நீ ஒதைச்சே. அது மாதிரி நீ அதுக்கு முன்ன ஒதைச்சதே இல்ல. துப்பாக்கியக் கீழ வச்சிட்டு உக்காந்துட்டேன். கார்டு பயந்துபோய், போதும் போதும்னுட்டாரு."

"அப்போ யாருக்கும்மா நன்றி சொல்றது?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

அனுப்புகிறவனும் பெறுகிறவனும் ஒரே ஆளாக இருக்கும் கடிதத்துக்கு முத்திரை குத்த எந்த போஸ்ட்மாஸ்டருக்கும் மனசு வராது. அதோடு, பிறக்காத ஒருவன் உதைத்ததற்கு யாராவது நன்றி வாங்கிக்கொள்வார்களா? ஆனால் அவள் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. நான் மறுக்கவில்லை.

8

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சாமை வீடு வந்தது. தையில் நான் பிறந்தேன், பால் இருந்தது. யுத்தம் முடிந்து அப்பா வந்து என்னைத் தூக்கினார். அந்தத் துப்பாக்கி இன்றும் என் பரணில் இருக்கிறது. ஒரு முறை பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் இருப்பது சால்தோல்தானா, காய்ந்த தோலா என்று பார்த்து, காய்ந்த தோலாக இருந்துவிட்டால் 'வெடித்தது' என்ற முடிவாவது அடிபட்டுப்போகுமே என்று நினைத்தேன். எண்பது வருடத்தில் எல்லாத் தோலும் காய்ந்த தோல்தான். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அதனால் முடிவை நான் எழுதவில்லை. நீங்கள்தான் கார்டு சக்கரவர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை குழல் மடிந்து நிமிர்ந்தது. என்ன நடந்ததோ அதை நீங்கள் பார்த்தீர்கள், கேட்டீர்கள். இப்போது தனியாக மலையிறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே மரத்தடியில் ரேஞ்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரேஞ்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறார்:

"இன்னா சத்தம்யா கேட்டே?"

நீங்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் இன்னும் பிறக்கவில்லை. இந்தக் கடிதத்தின்மேல் உங்கள் முகவரியை எழுதிவிட்டேன். என்ன சொல்லப்போகிறீர்களோ, அதற்கு முன்கூட்டியே என் நன்றி.