இரண்டு கையிலும் தேத்தண்ணி

தயாநிதி ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக ஒரு பந்தையும் ஒழுங்காக அடிக்கவில்லை. ஆறாவது ஞாயிறும் அடிக்காவிட்டால் அவனுடைய சட்டையை வாங்கித் தபால்காரன் புரூனோவுக்குக் கொடுப்பதாக அணித் தலைவன் ஊர்ஸ் சொல்லிவிட்டான். அதைப் பற்றிக் கதைக்கத்தான் சனிக்கிழமை பின்னேரம் வரதராசா அண்ணையின் அறையில் கூடினோம். அண்ணை, யேசுதாசன், நான். தயாநிதியைக் கூப்பிடவில்லை. ஆளைப் பற்றிய கூட்டத்தில் ஆள் இருந்தால் ஒன்றும் கதைக்க முடியாது என்று அண்ணை சொன்னார்.

விளையாட்டின் பெயர் பேஸ்போல். அமெரிக்கர்களுடையது. 1986ஆம் ஆண்டு, நாங்கள் பிழைக்க வந்த ஷாஃப்ஹவுசன் நகரத்தில் பதினைந்து பேருக்கு அதில் பைத்தியம் பிடித்திருந்தது. தங்களுக்கு ரைன் ஓட்டர்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டர் என்றால் நீர்நாயாம். நாங்கள் நீர்நாய் என்றே சொல்லுவோம். பார்க்க வருகிறவர்கள் விளையாடுகிறவர்களைவிடக் குறைவு. விளையாட்டுக்காரரின் மனைவி, காதலி என்று பெண்கள் நாலைந்து பேர், ஒரு கிழவர், கிழவருடைய நாய், நாங்கள் மூன்று தமிழர். மழை வந்தால் நாயும் நாங்களும் மட்டும் நிற்போம்.

தயாநிதிக்கு இருபத்துமூன்று வயது. ஓர் உணவகத்தில் சட்டி பானை கழுவுகிறான். ஊர்ஸ் அங்கே சமையல்காரன். ஒருநாள் ஊர்ஸ் பகிடிக்கு ஓர் உருளைக்கிழங்கை இவன் முதுகுப் பக்கமாக எறிய, இவன் திரும்பி, சவர்க்கார நுரையோடு ஒற்றைக் கையால் பிடித்துவிட்டான். அடுத்த ஞாயிறே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் இலக்கம் போட்ட சட்டை கொடுத்தார்கள். அதன் முதுகில் அவனுடைய பெயரும் இருந்தது.

அந்தப் பெயர்தான் விஷயம். வாரத்தில் ஆறு நாளும் குசினியில் அவனை "டமில்" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே டமில் மூன்று பேர். கூப்பிட்டால் மூன்று பேரும் ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் "தயா" என்று கூப்பிடுவார்கள். ஒருவன்தான் ஓடுவான். நான் சலவைத் தொழிற்சாலையில் வேலை. சட்டையைக் கொண்டுவா, வெள்ளை வெளேரென்று ஆக்கித் தருகிறேன் என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணை, உங்கடை மெசின் பேரைத் தின்றிடும்" என்று சொல்லிக் கையாலேயே தோய்ப்பான்.

"கால்" என்று வரதராசா அண்ணை கூட்டத்தைத் தொடக்கினார். "கால் முன்னுக்குப் போகேல்லை. கால் போகாட்டி மட்டை போகாது."

அண்ணை ஊரில் தன்னுடைய பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர். பிறகு ஆறு வருடம் அம்பயர். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எந்த விளையாட்டையும் பார்ப்பார்.

"அண்ணை, உது கிரிக்கெட் இல்லை" என்றான் யேசுதாசன். அவன் குருநகரில் எல்லே விளையாடியவன். எல்லே என்றால் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எங்கள் ஊர் விளையாட்டு. "உது எங்கடை எல்லே. வெள்ளைக்காரன் களவெடுத்துக் கையுறை போட்டு விட்டிருக்கிறான். எல்லேக்குக் கால் தேவையில்லை. இடுப்புத்தான்."

"இடுப்பாலை அடிக்க அதென்ன கூத்தோ?"

"முதல் ரெண்டு ஆட்டமும் நல்லா அடிச்சவனாமே. அப்ப இடுப்பு வேலை செய்தது."

"அப்ப கால் வேலை செய்தது."

"தலைமயிரையும் வெட்டிப் போட்டான். அதுக்குப் பிறகுதான் இப்பிடி."

"மயிருக்கும் மட்டைக்கும் என்ன ஐசே சம்பந்தம்?"

"நீங்கள் காலைச் சொல்லலாம், நான் மயிரைச் சொல்லக் கூடாதோ?"

இப்படியே முக்கால் மணித்தியாலம் போனது. ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு மீன் பொரியல் சாப்பிடுவதுதான் காரணம் என்று ஒருமுறை முடிவாகி, அவன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் மீன் தின்கிறான் என்று தெரிந்ததும் கலைந்தது. போன கிழமை அண்ணை அவனைக் கட்டடத்து நடைபாதையில் நிறுத்திக் கூட்டுகிற தும்புத்தடியால் காலைப் பழக்கினார். அண்ணை போனபின் யேசுதாசன் அதே தும்புத்தடியால் இடுப்பைப் பழக்கினான். கீழ்வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினாள்.

எனக்குக் காரணம் தெரியும். சொல்ல இடம் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு நான் வேலைக் களைப்பில் மற்றப் பக்கத்து வாங்குப் பலகையில் ஊர்ஸின் காதலி ரூத்துக்குப் பக்கத்தில் இருந்து தூங்கிவிட்டேன். அவள்தான் தட்டி எழுப்பினாள். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களுக்குள் நின்று, மெதுவாகக் கேட்டாள். அவன் பிழையாக அடிக்கும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் ஏன் கைதட்டுகிறார்கள்?

பேஸ்போலில் இரண்டு வெள்ளைக் கோடு உண்டு. அடித்த பந்து அந்தக் கோடுகளுக்கு இடையில் முன்பக்கமாகப் போகவேண்டும். பின்னால் போனால் பிழை. இரண்டு முறை பிழை அடித்து, மூன்றாவதைத் தவறவிட்டால் ஆள் வெளியே. கிரிக்கெட்டிலோ பந்தை மட்டையின் ஓரத்தால் மெல்லத் தடவிப் பின்னால் விட்டால் அது லேட் கட். நாலு ஓட்டம். அண்ணைக்கு உலகத்திலேயே பிடித்த அடி அதுதான். இங்கே அது பிழை என்று, நாங்கள் பார்க்கப் போன முதல் நாளே ஊர்ஸ் எங்களுக்குச் சொன்னான். அண்ணை அதைக் கேட்டு, யோசித்து, "சட்டம் வேறை, அழகு வேறை" என்று தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு தயாநிதி பின்னால் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் அண்ணை எழும்பி நின்று கைதட்டினார். அண்ணை தட்டினால் நாங்களும் தட்டுவோம்.

அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தயாநிதியைக் கேட்டேன். அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முன்னுக்கு அடிச்சால் நீங்கள் சும்மா இருக்கிறியள். பின்னாலை போனால் தட்டுறியள். எனக்கெண்டு தட்டுற ஆக்கள் நீங்கள் மூண்டு பேரும்தான் அண்ணை. கை தானா அந்தப் பக்கம் போகுது."

நன்றாக அடித்த முதல் இரண்டு ஆட்டத்துக்கும் நாங்கள் போகவில்லை. அவன் விளையாடுவதே எங்களுக்கு அப்போது தெரியாது.

இப்போது கூட்டத்தில் அண்ணை தண்ணீர் குடிக்கக் கதையை நிறுத்திய நேரம் பார்த்து, இதையெல்லாம் சொன்னேன்.

அண்ணை கிளாசை வைத்தார். "அப்ப நான்தான் அவனைக் கெடுக்கிறன்."

"அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை."

"வேறை எப்பிடி ஐசே சொல்லுறது? சிவலிங்கம், நீர் அந்தச் சலவை மெசினுக்கு முன்னாலை நிண்டு மண்டையிலை சூடு ஏத்திப் போட்டீர். கைதட்டிக் கெட்டுப் போனவன் ஆரும் இருக்கிறானோ?" கிளாசைத் தள்ளி வைத்தார். "சரி. நாளைக்கு நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

"நீங்கள் வராட்டி இன்னும் மோசம்" என்றான் யேசுதாசன். "அண்ணை எங்கை, அண்ணைக்கு என்ன எண்டு தேடியே மூண்டு பந்தையும் விட்டிடுவான்."

"அப்ப வாறன். தட்டேல்லை."

"தட்டாமல் இருப்பியளோ?"

"ஆறு வருசம் அம்பயரா நிண்டவன் ஐசே நான். என்ரை சொந்த மச்சானை அவுட் குடுத்திருக்கிறன். எனக்குக் கை கட்டுப்பாடில்லையோ?"

யேசுதாசன் எழும்பிப் போய்த் தும்புத்தடியை எடுத்தான். குனிந்து நின்றான். பந்து வருவதுபோலப் பார்த்தான். கடைசி நேரத்தில் தடியை மெல்லத் திருப்பி, இல்லாத பந்தைப் பின்னால் தடவி விட்டான். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது.

அண்ணை கைதட்டினார்.

இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு எனக்கு யோசனை வந்தது. எங்கள் தொழிற்சாலையின் கோப்பி மெசினில் ஒரு பிளாஸ்ரிக் கப் விழும். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. நிரம்ப ஊற்றிவிட்டுக் கொஞ்சம் நெரித்தால் கையெல்லாம் கொட்டும். அதில் ஒரு அடுக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய சுடுதண்ணிப் போத்தல் இரண்டு நிறையத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனேன்.

தயாநிதி மட்டையோடு வந்து நின்றதும் அண்ணையின் இரண்டு கையிலும் ஒவ்வொரு கப் கொடுத்து, விளிம்பு மட்டும் ஊற்றினேன். யேசுதாசனுக்கும் இரண்டு. எனக்கும் இரண்டு. குடை கக்கத்தில் இருக்க, அண்ணை கலியாண வீட்டு வாசலில் ஆட்களை வரவேற்கிறவர்போல நின்றார்.

முதல் பந்தையே தயாநிதி பின்னால் தடவினான். அண்ணையின் கைகள் எழும்பின. தேத்தண்ணி இரண்டு மணிக்கட்டாலும் வழிந்தது. பல்லைக் கடித்தார். சத்தம் இல்லை. தயாநிதி எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ செத்த வீட்டுக்கு வந்தவன்போல முழித்தான். அடுத்ததும் பின்னால் போனது. மூன்றாவதை விட்டுவிட்டு வெளியே போனான்.

"இப்ப என்ன சொல்லுறீர்?" என்றார் அண்ணை. "தட்டாமலும்தான் அவுட்."

"பழக்கம் விடக் கொஞ்சம் செல்லும் அண்ணை."

இரண்டாவது முறை அவன் வரும்போது பார்த்தால், அண்ணை ஒரு கப்பைக் குடித்து முடித்திருந்தார். ஒரு கை சும்மா இருந்தது. ஓடிப்போய் நிரப்பினேன். "பிடிக்கத்தான் அண்ணை தந்தனான், குடிக்க இல்லை." அந்த முறை ஒரு பந்து பின்னால் போனது, ஒன்று முன்னால் போய் ஒருவன் கைக்குள் விழுந்தது. அதுவும் அவுட். ஆனால் முன்னால் போனது. கோட்டுக்கு வெளியே புரூனோ தன்னுடைய சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான்.

கடைசி முறை வந்தான். சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து நேராக்கினான். முதல் பந்து பின்னால். எங்களைப் பார்த்தான். ஆறு கப், ஆவி. இரண்டாவது பந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஓர் அழகு, பின்னால் குந்தியிருக்கும் பிடிகாரனின் காதுக்குப் பக்கத்தால் சறுக்கிக்கொண்டு போனது. அண்ணையின் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. குடை விழுந்தது. கைகள் விழவில்லை, சேரவுமில்லை. தயாநிதி மறுபடி பார்த்தான். அண்ணை முகத்தை நாயின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவன் எங்களைப் பார்க்கவில்லை. எறிபவனைப் பார்த்தான். பந்து வந்தது. சட்டி உரஞ்சுகிற கையின் முழுப் பலத்தோடும் அடித்தான். எறிபவனின் தலைக்கு மேலால் போய், பின்னால் நின்றவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் விழுந்து, உருண்டது.

ஓடினான். மட்டையையும் கொண்டு ஓடினான். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். ஊர்ஸ் கத்தியும் இவன் விடவில்லை. ஓடித் தொடவேண்டிய முதல் இடத்தில் தரையோடு கட்டி வைத்திருக்கும் சின்னச் சாக்குக்குக் கிட்டப் போனதும் குனிந்து, கிரிக்கெட்டில்போல மட்டையை நீட்டி அதைத் தொட்டான். அம்பயருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் கையை இரண்டு பக்கமும் விரித்தார். ஆள் உள்ளே.

"தூக்கி அடிச்சவன்" என்றார் அண்ணை. "பிடிச்சிருந்தால் முடிஞ்சுது கதை. பள்ளிக்கூடம் எண்டால் நான் வெளியிலை இருத்தியிருப்பன்."

"அண்ணை, அவன் பாக்கிறான்" என்றான் யேசுதாசன்.

தயாநிதி சாக்கின் மேல் ஏறி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ரூத்தும் மற்றப் பெண்களும் தட்டினார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் கையில் ஆறு கப். வைக்க இடமில்லை. புல் சரிவு.

அண்ணை இரண்டு கப்பையும் அப்படியே விட்டார். ஒன்று புல்லில் விழுந்தது, மற்றது யேசுதாசனின் சப்பாத்துக்குள் போனது. பிறகு தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். யேசுதாசன் ஒற்றைக் காலில் நின்று தட்டினான்.

நீர்நாய்கள் அன்றும் தோற்றார்கள். அது வழக்கம். முடிந்ததும் ஊர்ஸ் வந்து, தயாநிதியின் முதுகில், பெயரின் மேலேயே ஓர் அடி போட்டு, அடுத்த ஞாயிறு நேரத்துக்கு வரச் சொன்னான். புரூனோ சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். சீனி கூடிவிட்டது என்றான்.

பஸ்ஸில் வரதராசா அண்ணை சிவந்த மணிக்கட்டுகளை ஊதிக்கொண்டே கால் எப்படி முன்னுக்குப் போனது என்று விளக்கினார். நடைபாதைப் பழக்கம் வீண்போகவில்லையாம். இடுப்பு என்றான் யேசுதாசன். தயாநிதி முன் இருக்கையில் சட்டையோடேயே தூங்கிப்போயிருந்தான்.

இறங்கும்போது அண்ணை என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"சிவலிங்கம், வாற ஞாயிறும் உம்மடை தேத்தண்ணி வரட்டும். எனக்கு ரெண்டு கப். நிரம்ப ஊத்தும்."