யாரும் அழுத்தாத பொத்தான்

பதினொன்றரை மணிக்கு, பக்கத்து நாற்காலிக்காரர்கள் தேநீர் குடிக்க எழுந்து போயிருந்த நேரத்தில், அக்கா தங்கை இருவரில் இளையவளின் திரையில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்தது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி அது. அதன் வலைத்தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று எண்ணிச் சொல்ல, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஸ்கிரிப்ட், ஒரு குட்டி நிரல், ஓடிக்கொண்டிருந்தது. அதனிடம் எதை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் சொல் வரும், எந்த இடத்தில் எண் வரும் என்பதையெல்லாம் டைப் வரையறைகளாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், பிசகிய இடத்தை நிரல் எழுதுகிற எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை நாளும் வரையறை என்று ஒன்று இல்லை. எதை நீட்டினாலும் எடிட்டர் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டியது. புதிதாக வந்த மேலாளர் கறார்ப் பேர்வழி. வரையறை இல்லாமல் இனி ஒரு வரிகூட உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கோடு விழுந்த வரி, அழுத்தினால் கம்பெனிக்கு அழைப்புப் போகிற ‘எங்களோடு பேசுங்கள்’ பொத்தானுக்கானது. எழுதியவள் இவளேதான், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில். எண் கொடுக்க வேண்டிய இடத்தில் ‘முதல் பக்கம்’ என்று எழுதி வைத்திருந்தாள். அவ்வளவுதான் தப்பு. தப்பாக வந்தால் அந்த ஸ்கிரிப்ட் சண்டைக்கு வராது. விழுங்கிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்துவிடும். அழைப்பு போய்விடும், ஆனால் ஒருவர் அழுத்தினாலும் கணக்கில் பூஜ்யம், ஆயிரம் பேர் அழுத்தினாலும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் ஆறு மாதத்துக்கு முன் தொலைபேசிப் பிரிவை மூடினார்கள். அதில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒருத்தி இவளுடைய அக்கா.

அக்கா அங்கே ஒன்பது வருஷம் இருந்தவள். கையைக் காலைப் பிடித்து இவளை உள்ளே சேர்த்துவிட்டதும் அவள்தான். மூடுவதற்கு முன் ஒரு கூட்டம் போட்டார்கள். வருஷம் முழுக்க ஒருவர்கூட அந்தப் பொத்தானை அழுத்தவில்லை என்று சுவரில் அறிக்கை ஓடியது. தினம் முப்பது பேராவது பேசுகிறார்களே என்று அக்கா எழுந்து கேட்டாள். அவர்களெல்லாம் பழைய ஆட்கள், ரசீதில் இருக்கிற எண்ணைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்குப் பதிவு செய்த குரல் போதும் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா இவளிடம், அறிக்கையில் ஏதாவது தப்பு இருக்குமா என்று கேட்டாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இவள் சொன்னாள்:

“நம்பர் எதுக்குக்கா பொய் சொல்லப்போகுது?”

அதற்கப்புறம் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு இடத்தில் வேலை கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வாய்க்கு வாய் இவளை ‘வாலு’ என்று கூப்பிட்டவள், கூப்பிட வேண்டிய அவசியமே வராதபடி நடந்துகொண்டாள். ஒரு நாள் தட்டு கழுவும்போது மட்டும், தன் காதையே நம்ப முடியவில்லை, அந்த முப்பது பேரையும் தானாகக் கற்பனை பண்ணிக்கொண்டோமோ என்று தோன்றுகிறது என்றாள். இவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது இந்தச் சிவப்புக் கோட்டின் முன்னால் தலை சுற்ற வேண்டும், அழுகை வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது. அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று வரையறையில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் சிவப்புக் கோடு போய்விடும். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும், ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அந்த வார்த்தையை அடித்தாள், அழித்தாள். பிறகு எண்ணைப் போட்டுச் சரிசெய்து அனுப்பினாள்.

ஐந்து மணிக்குப் பார்த்தபோது நாற்பத்தொன்று என்று இருந்தது. மதியத்திலிருந்து நாற்பத்தொரு பேர் அழுத்தியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் பதிவு செய்த குரல்தான் பதில் சொல்லியிருக்கும். அது சொன்னது அவர்கள் காதில் விழுந்ததோ என்னவோ. மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்தான். சரிபண்ணியாயிற்றல்லவா, நடந்ததைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் அக்கா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே சொல்லி முடித்தாள். எண் வர வேண்டிய இடத்தில் வேறு எதையோ எழுதியது, ஸ்கிரிப்ட் விழுங்கியது, இன்றைக்கு நாற்பத்தொன்று. சொல்லும்போது வேறு யாருடைய சமாச்சாரத்தையோ சொல்வதுபோல இருந்தது.

“நீ எழுதினதா?”

“நான்தான்க்கா.”

அக்கா கையிலிருந்த பாவாடையை மடித்து முடித்தாள். திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருந்தாலும் தேவலை. நான்கு பேர் வயிற்றில் அடித்தவளை, மழையில் நனைந்து வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“அப்போ கூப்பிட்டிருக்காங்க,” என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பாவாடையை அடுக்கின்மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். “உன் ஃபோனைக் குடு. எனக்குச் சொல்லிட்டே. மத்த மூணு பேருக்கு யார் சொல்லுவா?”

மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மடித்த துணிகளின்மேல் வைத்தாள். பிரிவிலேயே மூத்தவருடைய எண் அது. மணி போய்க்கொண்டே இருந்தது. இளையவள் இப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். எடுத்தவருக்கு இது யாருடைய எண் என்று தெரியவில்லை. இவள் ‘நான்’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். அவர் ஒரு நொடி பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்த மனிதர், காது கேளாதவர்களோடு வருஷக்கணக்காகப் பேசிய பழக்கத்தில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, உரக்கப் பேசினார்.

“அவசரமில்லைங்க. மெதுவா சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

அக்கா அடுத்த துணியை எடுக்காமல், இளையவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.