நாலு நிமிஷ இன்ஜின்

படகு வாங்கி வந்த அன்று கள்ளிக்குப்பமே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிற பெண்டாட்டி கிடையாது.

எனக்கு இருக்கிறாள். பெயர் கண்ணம்மா. போன வருஷ மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. ஐந்தாம் நாள் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டு மீனவர் ஒருவரிடமிருந்து இந்தப் பழைய ஃபைபர் படகையும், அதன் பின்னால் மாட்டுகிற பெட்ரோல் இன்ஜினையும், அதற்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் கொடுக்கிற பிளாஸ்டிக் கேனையும் வாங்கினேன். துடுப்பு போதாதா என்று கேட்ட புத்திசாலிகள் உண்டு. எங்கள் தெரு முனையில் ஏரியின் உபரி நீர் குறுக்கே பாய்கிறது. துடுப்பை நம்பி இறங்கினால் நேரே கால்வாயில் போய் விழ வேண்டியதுதான்.

இந்தக் கஜபதி, ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். என் கைபட்ட இன்ஜின் நிற்காது என்று சொல்லிக்கொள்வேன். பழவேற்காட்டு இன்ஜினுக்கு அது தெரியவில்லை. மழைக்கு முன்னால் வாசலில் டிரம்மில் தண்ணீர் ரொப்பி அதில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஜோராக ஓடியது. பிறகு இருமியது, விக்கியது, நின்றது. கொஞ்சம் பொறுத்து, கேன் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் மறுபடியும் நாலு நிமிஷம்.

பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது தெளிவு. ஏன் என்பதுதான் கேள்வி. முதலில் பங்க்காரனைத் திட்டினேன், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று. புது பெட்ரோல் ஊற்றினேன். அப்புறம் ஃபில்டரை மாற்றினேன். அப்புறம் கேனிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயை. கடைசியில் கார்பரேட்டரைக் கழற்றி, நூல் நுழையும் ஓட்டையெல்லாம் ஊதிச் சுத்தம் செய்தேன். அவசரத்துக்கு ஒரு வாட்டர் பாட்டிலின் அடியை அறுத்து, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தேன். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. முடிந்தது வேலை என்று மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். கேனை மாட்டி இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மழை வந்தது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் தவறியது; அன்று உபரி நீர் பாய்ந்த வேகத்தில் எந்த இன்ஜினும் எதிர்த்து நிற்காது. வியாழன் காலை வேகம் குறைந்தது. கண்ணம்மாவின் முகம் வீங்கியிருந்தது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாள். பதினொரு மணிக்குள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற டயாலிசிஸ் சென்டரில் அவள் இருந்தாக வேண்டும். படகில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்துக் குடையையும் கொடுத்தேன்.

நாலு நிமிஷம். இருமியது, விக்கியது, நின்றது.

மூடியைத் திறந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். கேனில் பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினேன். டாக்டர் பிரஷர் பார்க்கும்போது அழுத்துவாரே, அது மாதிரி ஒரு ரப்பர் உருண்டை குழாயின் நடுவில் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஓடியது. தெரு முனை வரைக்கும் போய் மறுபடியும் நின்றது. முன்னால் இருபதடியில் உபரி நீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது ஜேம்ஸ் வீட்டு கேட். நாகர்கோவில்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், மறுபடியும் நின்னுட்டா?"

"ஆமா, நின்னுடுச்சு. வந்து கைதட்டு," என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளாமல் இறங்கி, மார்பளவு தண்ணீரில் வந்து படகைப் பிடித்துக்கொண்டான். நான் பழவேற்காட்டுக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரப்பர் உருண்டை ஒட்டிப்போய்க் கிடந்தது, அழுத்தினால் எழவில்லை. குழாய் புதுசு, ஃபில்டர் புதுசு, கார்பரேட்டர் சுத்தம். வேறு என்னதான் இருக்கிறது? பின்னால் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இந்தாய்யா," என்றாள் கண்ணம்மா. "அந்த கேனு இன்னா, ஒடுங்கிக்கீது?"

பார்த்தேன். கேனின் இரண்டு பக்கமும் உள்வாங்கி, பல் போன கிழவன் கன்னம் மாதிரி இருந்தது.

"பழைய கேனு. அப்டிதான் இருக்கும். நீ சும்மா குந்து."

"வூட்லருந்து வரச்சொல்லோ அப்டி இல்லியே." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரில சலைன் பாட்டில் மாட்னா, மேல ஒரு ஊசி குத்துவாங்கோ. குத்தாங்காட்டி கொஞ்சம் எறங்கும், அப்பால நின்னுடும். ஒரு நாளு அந்த நர்ஸம்மா மறந்துடுச்சு. நாந்தான் சொன்னேன். காத்து உள்ள போனாத்தான்யா தண்ணி வெளிய வரும்."

"சலைனும் பெட்ரோலும் ஒண்ணா?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் என் கண் மூடியின் மேல் போய்விட்டது.

மூடியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. எம்-சீல், ஓட்டை அடைக்கிற பசை. வைத்தது நான்தான்.

படகு வாங்கிய ஜூலையில் அந்த இடத்தில் ஒரு சின்னத் திருகும் அதனடியில் ஓட்டையும் இருந்தன. எந்த மடையன் பெட்ரோல் கேனில் ஓட்டை போட்டான், மழைத்தண்ணீர் இறங்காதா என்று திட்டிவிட்டு, திருகைப் பிடுங்கி எறிந்து அடைத்தேன். தொழிற்சாலையில் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கிச் சோதிப்பதற்கு முன்னால் ஓட்டை, இடுக்கு எல்லாவற்றையும் அடைப்பதுதான் என் வேலை. முப்பத்தொரு வருஷம் அடைத்துப் பழகிய கை, ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்காது. கேனுக்குள்ளே காற்று போக வழியில்லை. நாலு நிமிஷம் பெட்ரோலை உறிஞ்சிய பிறகு இன்ஜினுக்கு இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் உஸ் என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அடியை அறுத்த வாட்டர் பாட்டிலில் ஓடியது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது.

திருப்புளியை வைத்துத் தட்டினேன். பாதி பெயர்ந்தது. அடியில் இருந்ததை எடுக்க முடியவில்லை. கண்ணம்மா டயாலிசிஸ் ஊசி ஏற்றாத கையின் வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குத்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டபக்கென்று கேனின் கன்னம் இரண்டும் வெளியே வந்தன. ரப்பர் உருண்டையும் எழுந்தது.

"அட!" என்றான் ஜேம்ஸ். "யாரு சார் இத அடைச்சது?"

எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் அடுப்பின் மேல்தான் தப்பு சொல்லுவேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்பா," என்றேன். "என் தப்புதான்."

கண்ணம்மா குடைக்குள் சிரித்தாள். மூச்சு வாங்கிற்று, ஆனாலும் சிரித்தாள்.

மூடிக்கு மேல் மழை விழாமல் பிடிக்கக் குடையை ஜேம்ஸிடம் கொடுத்து அவனையும் ஏற்றிக்கொண்டேன். உபரி நீரில் இறங்கியதும் படகு பக்கவாட்டில் இழுத்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஜேம்ஸ் போனைப் பார்த்துச் சத்தமாக எண்ணினான். மூணு நிமிஷம். நாலு. அஞ்சு. ஆறு சொன்னபோது நாங்கள் அக்கரையில் இருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் தெரியாது என்று அழுதேன். மெயின் ரோட்டில் ஜேம்ஸைப் படகுக்குக் காவல் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். பத்தரைக்கு சென்டர்.

நர்ஸ் ஷோபனா அவளை எடை பார்த்துப் படுக்கவைத்தார். உதடு கறுக்கவில்லை, சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். ஊசி ஏற்றி, மெஷின் சுற்ற ஆரம்பித்த பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"பொன்னியம்மா கட்டில்," என்றார் ஷோபனா. "மேனாம்பேட்டுல வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமையும் வரல. போன் பண்ணினா பேச முடியல, மூச்சு வாங்குது."

கண்ணம்மா என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எனக்கு நாலு மணி நேரம் ஆவும். நீ இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற? போய் அந்தக்காவ இட்டுகினு வா."

"உன்ன வுட்டுட்டா?"

"இங்க ஷோபனா கீது, மெஷினு கீது. அதுக்கு அங்க யாரு கீறா?"

மூன்று வருஷமாக, அவள் மெஷினில் இருக்கும் நாலு மணி நேரமும் நான் அந்த ஸ்டூலை விட்டு எழுந்ததில்லை. டீ குடிக்கக்கூடப் போனதில்லை. நான் கண்ணை எடுத்தால் அவள் போய்விடுவாள் என்று பயம், வேறொன்றுமில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அனுப்புகிறாள்.

எழுந்தேன். படி இறங்கும்போதே ஜேம்ஸுக்குப் போன் போட்டேன்.

"இன்ஜின ஸ்டார்ட் பண்ணி வைப்பா. மேனாம்பேட்டுக்குப் போவணும்."