சுரங்கத்துக்குப் பிறகு ஒரு குலுக்கல்

ரயிலில் இரண்டு பக்க இருக்கைகளுக்கும் நடுவே உள்ள நடைவழியின் அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதல். தேநீர் வண்டியின் அகலம் ஒன்றரை அடி. வண்டியைத் தள்ளுகிறவளின் அகலம் எவ்வளவு இருக்கலாம் என்று மட்டும் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

எட்டு வருடமாக மலைத்தடத்துக் காலை ரயிலில் தேநீர் வண்டி தள்ளியவள் என்பதால் அவளை எல்லாரும் வண்டிக்காரி என்றே கூப்பிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏழாம் மாதம் தொடங்கிய வாரத்தில் கண்காணிப்பாளர் அவளை அறைக்குள் அழைத்தார்.

"நேத்து மூணாவது பெட்டியில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே சார்."

"ஒருத்தர் எந்திரிச்சு உனக்கு வழி விட்டிருக்கார். உன் வயிறு போகல. கடைசில அவரு பக்கத்து சீட்டுக்காரர் மடியில உக்கார வேண்டியதாப் போச்சு. புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தது சார்? உக்காந்தவரா, மடி குடுத்தவரா?"

கண்காணிப்பாளர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். "நாளையிலேருந்து ஸ்டோர்ல உக்காந்து தட்டு அடுக்கு. பிள்ளையப் பெத்து, உடம்பு தேறி வா. உன் தடம் உனக்குத்தான், நான் பொறுப்பு. ஒப்படைப்பு நோட்டை மட்டும் ஒழுங்கா எழுதிக் குடு."

ஒப்படைப்பு நோட்டு என்பது அந்த வேலையின் வேதம். ஒரு தடத்தை விட்டுப் போகிறவள், அந்தத் தடத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த அத்தனையையும் அதில் எழுத வேண்டும். எந்தப் பெட்டியின் கதவு இறுகும், எந்த வளைவில் கோப்பையை நிரப்பக் கூடாது, வழக்கமாக வருகிறவர்களில் யாருக்கு என்ன பிடிக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சடித்த ஒரு வரி இருக்கும்: 'எனக்குத் தெரிந்த எதையும் மறைக்கவில்லை.' அதன் கீழே கையெழுத்து. மறைத்தது தெரிந்தால் போன தடம் திரும்பி வராது. இதுவரை யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை, யாரும் மறைத்ததும் இல்லை.

தடத்தை வாங்கிக்கொள்ளச் சமையல்கட்டிலிருந்து வந்தவளுக்கு இருபத்திரண்டு வயது. சிட்டு என்று பட்டப்பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. நடைவழியில் அவளும் வண்டியும் போக, இன்னொருத்தி உடன் நடந்து போகலாம் போலிருந்தது. வந்ததும் வராததுமாக வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, என்னா அழகா வச்சிருக்கீங்க!" என்றாள். வண்டிக்காரிக்குத் தன் தலைமுடியை யாரோ கேட்காமல் அவிழ்த்துப் பின்னியது போல இருந்தது.

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டை எழுதினாள். பதினோரு பக்கம். செவ்வாய்தோறும் நாலாவது பெட்டியில் வரும் கண் டாக்டருக்குச் சர்க்கரையில்லாத கறுப்புக் காப்பி. கோப்பையின் காது இடப்பக்கம் இருக்க வேண்டும், அவருக்கு இடது கைப் பழக்கம். ஆறாவது பெட்டியின் கதவைத் தோளால் தள்ளாதே, இடுப்பால் தள்ளு. வேலையெல்லாம் முடிந்ததும் உனக்கென்று ஒரு டீ போட்டுக்கொள், அரை ஸ்பூன் சர்க்கரை, கடைசிப் பெட்டி வாசலில் நின்று குடி, அங்கேதான் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும்.

இதை எழுதியபோதே நெஞ்சு எரிந்தது. எரிச்சல் பிள்ளையால் வந்ததா சிட்டுவால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கைக்கூட அவளுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று.

மிச்சமிருந்தது ஒரே விஷயம். நீளச் சுரங்கத்துக்குள் போகும்போது ரயில் இரண்டு தடவை குட்டையாகக் கூவினால், வெளியே வந்ததும் சரக்கு ரயிலுக்கு வழிவிட்டுப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறப் போகிறது என்று அர்த்தம். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அப்படி நடக்கும். மாறும் இடத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். கூவல் கேட்ட உடனே வண்டியின் இரண்டு பிரேக்கையும் அழுத்தி, வெந்நீர் பாய்லரின் மூடிக்குக் கொக்கி மாட்டிவிட வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணிக்கட்டில் இருக்கும் வெந்த தழும்புதான் சொல்லித் தந்தது.

பேனா அந்த இடத்தில் நின்றது. மறதி இல்லை. நானும் பட்டுத்தானே தெரிந்துகொண்டேன், அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று மனசு ஒரு நியாயம் சொன்னது. அச்சடித்த வரியைப் படிக்காமல் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஸ்டோர் அறைக்கு ஜன்னல் இருந்தது, ஆனால் அதன் வழியே தெரிந்தது சுவர். காலை ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கத் தொடங்கும். முதல் ஆறு மாதமும் தண்டவாளத் தாலாட்டிலேயே தூங்கிப் பழகிய பிள்ளை. அசையாத நாற்காலியில் அதற்கு ஒரு நிமிடம்கூட இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கும்தான். கண்ணை மூடினால் ஜன்னல்கள் ஓடின. பனி மூடிய மரங்களுக்கு நடுவே யாரோ ஒருத்தி அவளுடைய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

போதாததற்குப் புருஷன். தையல்காரன், மாதத்தில் இரண்டு தடவை துணி எடுக்க அதே ரயிலில் போய் வருவான். நல்லவன்தான், ஆனால் எதை எங்கே சொல்லக் கூடாது என்று தெரியாத நல்லவன்.

"அந்தப் புதுப் பொண்ணு இருக்கே, என்னைப் பாத்ததும் உன் புருஷன்னு கண்டுபிடிச்சிட்டா. ரெண்டு பிஸ்கட் கூட வச்சா."

"ஓஹோ."

"டீயும் பரவால்ல."

"பரவால்லைன்னா?"

அவன் ஊசியில் நூல் கோப்பதில் தீவிரமானான். "சும்மா... சூடா இருந்துச்சு."

"எட்டு வருஷம் நான் ஆறின டீயா குடுத்தேன்?"

"ஐயோ, பிள்ளைத்தாச்சிகிட்ட வாயக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. கேட்டேனா!"

அன்று முதல் அவன் துணி எடுத்து வரும் நாட்களில் ரயிலைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாதது அதைவிட மோசமாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தால் இவன் மறைப்பான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

எட்டாம் மாதம் பிள்ளை குறுக்கே படுத்திருக்கிறது என்றார் மருத்துவர். நான்கு நாள் வீட்டில் படுத்திருந்துவிட்டு, தடத்தின் கடைசி ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னார். இரண்டாவது நாளே, "அம்மா மாதிரிதான். நடைவழிய மறிச்சுட்டு நிக்குது" என்று அவள் தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். உள்ளுக்குள் பயம் இருந்தது. ஐந்தாவது நாள் செவ்வாய்க்கிழமை. புருஷனுக்கு அவசரத் தையல் இருந்ததால், மத்தியானம் அடுத்த ரயிலில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லி அவளை நாலாவது பெட்டியில் ஏற்றிவிட்டான்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த ரயிலில் உட்கார்ந்து போனாள். ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிள்ளை உதைப்பதை நிறுத்திவிட்டது. எதிர் இருக்கையில் கண் டாக்டர். அவள் சிரித்தாள். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர். சீருடையும் வண்டியும் இல்லாத அவள் அவர் கண்ணில் படவே இல்லை. நானூறு கறுப்புக் காப்பியாவது கொடுத்திருப்பாள்.

கதவு திறந்தது. சிட்டு இடுப்பால்தான் தள்ளித் திறந்தாள், எல்லாக் கதவையும் அப்படித் திறக்கப் பழகியிருந்தாள். சிரிப்பு முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. பெட்டி முழுக்கத் தலைகள் திரும்பின. பித்தளைக் கைப்பிடி முன்பைவிடப் பளபளப்பாக இருந்ததையும், பிஸ்கட் தட்டில் புதிதாக ஒரு விரிப்பு போட்டிருந்ததையும் வண்டிக்காரி ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள்.

"அக்கா! நீங்களா? சொல்லவே இல்ல!" என்று சிட்டு கூவினாள். அந்தக் குரலுக்கு வயிற்றுக்குள் ஒரு புரளல். இதுவும் அவள் கட்சியா என்று வண்டிக்காரி வயிற்றை முறைத்தாள்.

"இவங்கதான் சார் உங்க பழைய வண்டிக்கார அக்கா" என்றாள் சிட்டு, டாக்டரிடம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "அடடே! மன்னிக்கணும். நீங்க இவ்வளவு உயரம் குறைஞ்சவங்கன்னு தெரியாது."

"உக்காந்திருக்கேன் சார்."

சிட்டு காப்பியை ஊற்றி, கோப்பையின் காதை இடப்பக்கம் திருப்பி வைத்தாள். அப்போதுதான் அவள் சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் கட்டுத் தெரிந்தது.

"கையில என்ன?"

"போன வியாழக்கிழமைக்கா. சுரங்கம் தாண்டினதும் பெட்டி ஒரு ஆட்டு ஆட்டுச்சு பாருங்க, பாய்லர் மூடி பறந்துடுச்சு. எனக்குக் கை. ஒரு அம்மாவோட பைக்குள்ள பாதி வெந்நீர். நல்லவேளை, அவங்க மேல படல." சிட்டு குரலைத் தாழ்த்தினாள். "கண்காணிப்பாளர் சார் கவனக்குறைவுன்னு எழுதிட்டார். இன்னொரு தடவை நடந்தா என்னைத் திரும்பச் சமையல்கட்டுக்கே அனுப்பிடுவாராம். ஆனா எல்லா நாளும் ஆட்டறதில்லக்கா. எப்ப ஆட்டும்னும் புரியல. சுரங்கம் வந்தாலே பயமா இருக்கு. நோட்டைப் பத்து தடவை பாத்துட்டேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வண்டிக்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கட்டு, அவளுடைய தழும்பு இருக்கும் அதே இடத்தில் இருந்தது. சிட்டு சமையல்கட்டுக்குப் போனால் தடம் பத்திரமாகக் காத்திருக்கும். ஆசைப்பட்டது கையெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது அதன் முகம் நன்றாக இல்லை. "அது வந்து..." என்றாள். பின்னால் யாரோ டீ கேட்டார்கள். சிட்டு பாய்லர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள்.

இருட்டு விழுந்தது. சுரங்கம். சக்கரச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தூரத்தில், எஞ்சின் பக்கம், குட்டையாக ஒரு கூவல். உடனே இன்னொன்று.

"பிரேக்கப் போடு!" என்று வண்டிக்காரி கத்தினாள். "ரெண்டையும்! மூடிய மூடிக் கொக்கிய மாட்டு! சார், காப்பியத் தூக்குங்க!"

சிட்டுவின் கால் இரண்டு பிரேக்கையும் அடுத்தடுத்து மிதித்தது. கொக்கி விழும் சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தது, பெட்டி இடப்பக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கிற்று. பிஸ்கட்டுகள் விரிப்பின் மேல் சரிந்தன. டாக்டர் கோப்பையைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். பாய்லர் அசையவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் மெல்லக் கடந்து போனது.

சிட்டு மூச்சு விட்டாள். "எப்படிக்கா தெரிஞ்சுச்சு?"

"ரெண்டு கூவல். கூவினா தடம் மாறப் போகுதுன்னு அர்த்தம்."

"ஓ." சிட்டு மெதுவாகத் திரும்பினாள். "அப்போ முன்னாடியே தெரியும் உங்களுக்கு."

வண்டிக்காரி தட்டில் சரிந்த பிஸ்கட்டுகளை நேராக அடுக்கினாள்.

"மறந்துட்டீங்களாக்கா? பிள்ளைத்தாச்சிக்கு மறதி சகஜம்தானே. பாவம், பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்க, இது ஒண்ணு விட்டுப் போச்சு. நான் சார்கிட்ட அப்படியே சொல்லிடறேன். அவரும் ஒத்துக்குவார்."

வழி திறந்தே கிடந்தது. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். தடமும் தப்பும், சிட்டுவும் தப்புவாள். ஆனால் அந்தப் 'பாவம்' காதுக்குள் சிக்கிக்கொண்டது. இந்தப் பெண் அவளுடைய வண்டியை எடுத்துக்கொண்டாள், டாக்டரை எடுத்துக்கொண்டாள், பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டாள். இப்போது மேலே நின்று இரக்கமும் படுகிறாள். அதை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

"நோட்டைக் குடு" என்றாள்.

வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து சிட்டு எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் அந்த நோட்டு கண்காணிப்பாளர் மேசைக்குப் போய்த் திரும்பும். வயிற்றின் மேலேயே வைத்து வண்டிக்காரி எழுதினாள். இரண்டு கூவல், இரண்டு பிரேக், மூடிக் கொக்கி. அதன் கீழே: 'இது எனக்குத் தெரியும். மறக்கவில்லை. பொறாமையில் எழுதாமல் விட்டேன். வியாழக்கிழமை நடந்ததில் சிட்டுவின் தவறு இல்லை.' கையெழுத்து. தேதி.

சிட்டு படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"இத சார் பாத்தா உங்க தடம் போயிடும்."

"தெரியும்."

"எனக்காகவா எழுதினீங்க?"

"உனக்காக ஒண்ணும் இல்ல. உன்னப் பாத்தா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டுதான் வருது."

"என் கை வெந்துபோச்சு" என்றாள் சிட்டு, தணிந்த குரலில். பிறகு நோட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, பிரேக்கை விடுவித்து, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். டாக்டர் இதுவரை எதையும் கேட்காதவர் போலச் செய்தித்தாளுக்குள் இருந்தார், அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

தடம் போய்விட்டது. வண்டிக்காரி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது என்று கைக்குப் பிடிபடவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். ஜன்னலில் மரங்கள் ஓடின, அவளைத் தெரியாத மரங்கள் போல.

கடைசி ஊருக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சிட்டு திரும்பி வந்தாள். வண்டி இல்லை. கையில் ஒரு கோப்பை.

"மேடம், டீ" என்றாள்.

'அக்கா' என்ற சொல் போய்விட்டது. வண்டிக்காரி கோப்பையை வாங்கினாள். சிட்டு போகாமல், பார்க்காமல், பக்கத்திலேயே நின்றாள்.

அரை ஸ்பூன் சர்க்கரை. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். தண்ணீர் கொதித்தது போதாதா, தூள் கசக்கிறதா, பால் கூடிவிட்டதா என்று நாக்கு மூலை மூலையாகத் தேடியது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் சிட்டு, எங்கேயோ பார்த்தபடி.

"சூடா இருக்கு" என்றாள் வண்டிக்காரி, கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு.