ராஜாவுக்கு ஒரு தாண்டு

எலக்ட்ரானிக் செஸ் போர்டு எங்கள் வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. இருபது நாளாக என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ் என்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முப்பத்தாறு வருடமாகச் சாயங்காலக் காபி முடிந்ததும் நாங்கள் இருவரும்தான் ஆடுவோம். இப்போது கம்ப்யூட்டர் எந்தக் காயை நகர்த்துகிறது என்று கட்டத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்கும் சேர்த்து இவரே நகர்த்தி வைக்கிறார். எனக்கு ஒரு டம்ளரை நகர்த்தித் தராத மனுஷன்! எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பலகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நேற்று அவர் பக்கத்திலிருக்கும் வேளாங்கண்ணி சர்ச்சுக்குப் பூசைக்குப் போனதும், அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது என் ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டது. நான் அலட்டிக்கொள்ளாமல் ராஜாவைக் குதிரை மாதிரி ஒரு தாண்டு தாண்டவைத்தேன். செக் வாங்காத ராஜாவுக்கு ஆட்டத்துக்கு ஒருமுறை அந்த உரிமை உண்டு. என் அப்பா அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்.

போர்டு கீச்சென்று கத்தியது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் கத்தியது. நல்லவேளை, ரிப்பேர் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர் வந்ததும் காட்டினேன். "உங்க மெஷின் கெட்டுப்போச்சு."

"கெடல லூயிசா. ராஜா அப்படித் தாண்டக் கூடாது. போட்டியில அந்த ரூலே கெடையாது."

"பின்ன இத்தினி வருஷமா இன்னாத்துக்குச் சொல்லல?"

"கல்யாணமான புதுசுல தாண்டிட்டு ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

"ஜெயிச்சதுதான். நீ தாண்டுவேன்னு தெரிஞ்சும் என்னால தடுக்க முடியலையே."

"அப்புறம் ஏன் என்னை விட்டுட்டு இதுங்கூட ஒக்காந்துகினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "போன தடவ ரிடையரான வாத்தியாருங்க போட்டியில நானும் ராஜாவைத் தாண்ட வெச்சுட்டேன். ஹாலே சிரிச்சுது. அடுத்த மாசம் மறுபடி போட்டி. அதுக்குள்ள உன்கூட ஆடி ஆடி வந்த இந்தப் பழக்கத்த விடணும்னுதான் வாங்கினேன்."

"விட்டாச்சா?"

அவர் போர்டின் சுவிட்சை அணைத்தார். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் வெள்ளைக் காய்களை அடுக்க ஆரம்பித்தார்.