காமிக்ஸ் திருவிழாவும் ஐநூறு இலையும்

நாமக்கல்லில் ஒரு காமிக்ஸ் திருவிழா நடத்தப் போகிறேன், மண்டபம் வேண்டும் என்று தீனதயாளன் போய் நின்றபோது, அவனுடைய மாமனார் சென்னியப்பன் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"எத்தன இலை உழுவுங்க மாப்ள?"

அவருக்கு உலகத்து விசேஷங்களுக்கெல்லாம் ஒரே அளவுகோல். கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பார். ஆயிரம் இலை என்றால் தலையை ஆட்டுவார். இருநூறு என்றால், "ஆரையும் நேர்ல போயி அழைக்கலயாட்ட இருக்குது" என்று உதட்டைப் பிதுக்குவார். காமிக்ஸ் என்றால் என்ன என்று அவர் கேட்கவே இல்லை.

சென்னியப்பன் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி மூன்று வைத்திருக்கிறார். வருஷத்தில் எட்டு மாதம் வண்டிகள் வடக்கே சுற்றும். அந்த வருமானத்தில்தான் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். மருமகன் தீனதயாளனுக்கோ பரமத்தி ரோட்டில் ஒரு ஸ்டிக்கர் கடை. பாடி கட்டி வெளியே வரும் புது லாரிக்கு முன்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், பின்னால் பிள்ளைகளின் பெயர் என்று வெட்டி ஒட்டுவான். வயசு முப்பத்தாறு. பீரோவில் துணிமணிக்கு ஒரு தட்டு, காமிக்ஸுக்கு மூன்று தட்டு.

"மண்டபம் தாரேனுங்க, வாடகை வேண்டாம்" என்றார் மாமனார். "அரிசி பருப்பும் நானே போட்டுடறேன். என்ற மண்டபத்துக்கு வந்தவங்க பசியோட போனாங்கன்னு பேரு வரப்படாது. ஆனா ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஐநூறு இலை உழுகோணும். உழுந்துச்சுன்னா வருசா வருசம் நடத்துங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். உழுகலீன்னா, திங்கக்கெழம ஒடிசா போற ரிக்குல நீங்க மேனேஜரா ஏறிக்கோணும். சரிங்களா மாப்ள?"

மருமகனை அவர் ஒருமையில் பேசியதே கிடையாது. தூக்கில் போடுவதாக இருந்தாலும் "வாங்க மாப்ள, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

ரிக் வேலை எப்படி என்று தீனதயாளனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போய் மாட்டியிருக்கிறான். எட்டு மாதம். தலையெல்லாம் கல்தூள், காதெல்லாம் கம்ப்ரசர் இரைச்சல். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். திரும்பி வந்த அன்றைக்கு, இரண்டு வயசு மகள் அகல்யா அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு கேட்டாள்: "அந்த மாமா எப்பம்மா போவாங்க?" குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான் மனுஷன். அதற்கப்புறம் என்ன ஆனாலும் சரி, இந்த ஊரைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

ஆனாலும் சரி என்றான். ஏனென்றால் அவனிடம் ஒரு பிரமாதமான யோசனை இருந்தது.

நாமக்கல்லைச் சுற்றி விடுதிப் பள்ளிகள் எத்தனை என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்கே கணக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் நாள். கரூர், தர்மபுரி, மதுரை என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். காலை பத்து மணிக்குப் பிள்ளையை வெளியே விடுவார்கள், ஐந்தரைக்கு உள்ளே வாங்கிக் கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் எங்கே போவது? மரத்தடி, மரத்தடியை விட்டால் கோயில். அதே ஞாயிற்றுக்கிழமையில் திருவிழாவை வைத்து, "அனுமதி இலவசம், மதியச் சாப்பாடு உண்டு" என்று நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு பள்ளிக்கூடத்து வாசலிலும் கொடுத்தால்? ஐநூறு என்ன, ஆயிரம் இலை விழும். தன் மூளையை நினைத்துத் தானே ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டான்.

அந்த ஞாயிறும் வந்தது. எட்டுக் கடைகள் போட்டாயிற்று. சென்னையிலிருந்து தமிழரசு என்ற ஓவியர் வந்து மேடையில் பேனாக்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். காமிக்ஸ் வாங்கினால், முதல் பக்கத்தில் வாங்கினவரையே கதாநாயகனாக வரைந்து கொடுப்பதாக ஏற்பாடு. ஒன்பதரை மணிக்குக் கூட்டம் இரண்டே பேர். அதில் ஒருவர் ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவர்.

பத்தரைக்குப் பிறகு வந்தார்கள் பாருங்கள், அடேயப்பா! ஒரு மாதமாகப் பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் கண்ணில் பார்க்காத பிள்ளைகள். கடைகளின் மேல் விழுந்து புரண்டார்கள். நாலு பேர் மேடைக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தார்கள். மூன்று பையன்கள் பள்ளிக்கூட டையை முகமூடியாகக் கட்டிக்கொண்டு நாற்காலிக்கு நாற்காலி தாவினார்கள். ஒரு அப்பா கடைக்காரரிடம் ரகசியமாக, "நீட் பரிச்சைக்கு இதுல ஏதாச்சும் வருங்களா?" என்று கேட்டார். "வருங்க, இந்த வில்லன் வெறும் எலும்புக்கூடு. ஒரு எலும்பு பாக்கியில்லாம போட்டிருக்காங்க" என்று கடைக்காரர் அந்தப் புத்தகத்தை விற்றேவிட்டார்.

தமிழரசுவின் முன்னால் வரிசை மேடையில் தொடங்கி, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஜெனரேட்டர் அறை வரைக்கும் போயிற்று. ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம். யாரும் அசைவதாக இல்லை.

ஒன்றரை மணிக்குத் தீனதயாளன் பூரித்துப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான். உள்ளே ஈ காக்கை இல்லை. நூறு பேர் உட்காரும் மேசைகள் காலியாகக் கிடந்தன. கடைசியில் ஒரே ஒரு நாற்காலியில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகச் சென்னியப்பன். பக்கத்தில் சமையல்காரர் மாதேஸ்வரன் சாம்பார்க் கரண்டியோடு நின்றார்.

"எத்தனைங்க?" என்றான் தீனதயாளன்.

"முப்பத்தேழுங்க" என்றார் மாதேஸ்வரன். "அதுல பதினாறு கடை போட்டவங்க. ஒண்ணு அந்த ஃபேன்காரரு."

"ஊட்டு ஆளுக இலை கணக்குல வராதுங்க மாப்ள" என்று மாமனார் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

தீனதயாளன் மண்டபத்துக்கு ஓடினான். வரிசையில் நின்ற ஒரு பையனின் தோளைத் தொட்டு, "சாப்புட்டுட்டு வா சாமி" என்றான்.

"வரிசைய உட்டா போச்சுங்கண்ணா. எனக்கு முன்னால இன்னும் எம்பது பேரு நிக்கறாங்க."

அந்தப் பையனின் அம்மா பக்கத்திலேயே நின்றார். கையில் அடுக்குக் கேரியர். அப்போதுதான் தீனதயாளன் நிமிர்ந்து பார்த்தான். மண்டபம் முழுக்கக் கேரியர்! ஒவ்வொரு பெற்றோரின் கையிலும் கேரியர், தூக்குப்போசி, பாத்திரம் வைத்த கட்டைப்பை. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடா வருவார்கள்? ஒரு மாதம் விடுதிச் சோறு தின்ற பிள்ளைக்கு விடியற்காலையில் எழுந்து ஆக்கி எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவன், மரத்தடி மரத்தடியாக இதைப் பார்த்தவன், அதை மறந்து தொலைத்தான்.

"மூணு மணிக்கு எந்திரிச்சு ஆக்குனேனுங்க" என்றார் அந்த அம்மா, கண் கலங்க. "ரெண்டு வாய் தின்னுட்டு வா கண்ணுன்னா, நவுர மாட்டீங்கறான். இதையே திங்கல, உங்க சோத்தையா திங்கப் போறான்?"

ஆக, உள்ளூர்ச் சோறும் இறங்கவில்லை, வெளியூர்ச் சோறும் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்து மூன்று முறை சொல்லிப் பார்த்தான். ஒரு தலைகூட நிமிரவில்லை. அரை மணி நேரம் படம் வரைவதை நிறுத்திவைக்கச் சொன்னான். தமிழரசுவும் பேனாவை மூடினார். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். திருவிழா ஜெயித்துக்கொண்டே இருந்தது, அவன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

மூன்று மணிக்கு இலை ஐம்பத்தெட்டு. தீனதயாளன் மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தான். அகல்யா வந்து மடியில் ஏறினாள். இப்போது அவளுக்கு நாலு வயசு.

"அப்பா, நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீங்களாமா? தாத்தா சொன்னாங்க."

அவன் அவளுடைய தலையை வருடினான்.

"நான் மறக்காம இருக்கறேன். போட்டோ பாத்துக்கறேன்" என்றாள் அவள், ஆறுதலாக. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு விசும்பினான்.

தூண் ஓரத்தில் நின்று இதைப் பார்த்தாள் அவன் மனைவி நர்மதா. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். அவள் அழுவாள், கெஞ்சுவாள் என்று சென்னியப்பன் தயாராகத்தான் இருந்தார்.

"ஏனுங்கப்பா, நீங்க கெலிச்சிட்டீங்க" என்றாள் அவள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். அடுப்ப அணைக்கச் சொல்லுங்க."

"சோறு?"

"ஐநூறு பேரு சோத்த என்ன பண்றது? சாக்கடையில கொட்ட வேண்டீதுதான். உள்ள எண்ணூறு பேரு இருக்கறாங்க. அஞ்சு மணிக்கு அவிங்கெல்லாம் பட்டினியோட கெளம்பீருவாங்க. மருதக்காரங்க, கரூர்க்காரங்க எல்லாம் ஊருக்குப் போயி, நாமக்கல்லுல சென்னியப்பன்னு ஒருத்தரு மண்டபத்துக்குப் போனோம், பொழுதுக்கும் கொலப்பட்டினின்னு சொல்லுவாங்க. சொல்லீட்டுப் போறாங்க உடுங்க."

"எண்ணூறு பேரா?" சென்னியப்பன் எழுந்தே விட்டார். காலையிலிருந்து இலையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மண்டபத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

வாசலில் போய் நின்று பார்த்தார். காய்ந்த உதடும் காமிக்ஸுமாகப் பிள்ளைகள். கேரியரை ஏந்திக்கொண்டு கால் மாற்றி நிற்கும் தாய்மார்கள்.

"அட கெரகத்தே! என்ற மண்டபத்துலயா!"

வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்கப்புறம் அந்த மனுஷனை யாராலும் பிடிக்க முடியவில்லை. வரிசையின் முன்பக்கம் நின்ற பையனிடம் போனார். "ஏஞ் சாமி, மொகமெல்லாம் வாடிக் கெடக்குதே, போயி உண்டுட்டு வா."

"எடம் போயிருங்க தாத்தா."

"உன்ற எடத்துல நான் நிக்கறேன். எவன் வாரான்னு பாக்கறேன். போ!"

பையன் யோசித்தான். பிறகு கழுத்தில் கிடந்த பள்ளி அடையாள அட்டையைக் கழற்றி, அத்தாட்சிக்கு அவர் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடினான். அடுத்தவன் பார்த்தான். அவனும் மாட்டினான். பத்து நிமிஷத்தில் சென்னியப்பன் கழுத்தில் முப்பது அட்டைகள். அதோடு நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தாய்மார்களை அதட்டினார்: "அம்மிணி, கேரியரையும் எடுத்துட்டுப் போங்க. உங்க புளிச்சோறும் இருக்கட்டும், எங்க சாம்பாரும் இருக்கட்டும். புள்ள பக்கத்துல உக்காந்து ஒட்டுக்கா உண்ணுங்க. பாயசம் இருக்குது, ஆரும் உடப்படாது!"

பந்தி நிறைந்தது. எழுந்தது. மறுபடி நிறைந்தது. தீனதயாளன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நர்மதா பாயசம் ஊற்றினாள், மாதேஸ்வரன் இலைக்கட்டு மேல் இலைக்கட்டாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு வந்த பையன்கள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாப்பிடாதவர்களைத் துரத்தினார்கள். அவர்கள் போகும்போது தங்கள் அட்டையைத் தாத்தாவின் கழுத்தில் மாட்டினார்கள்.

இந்தக் களேபரத்தில் சென்னியப்பனின் முறையே வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன வரையணும் ஐயா?" என்று தமிழரசு கேட்டார்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றார். பேனாவை எட்டிப் பார்த்தார். "செரி, கேக்கறீங்க. ஒரு ரிக்கு போடுங்க."

தமிழரசு போட்டார். சென்னியப்பன் குனிந்து பார்த்தார். "கம்ப்ரசர் அங்க வராதுங்க. கேபினுக்குப் பின்னால வரோணும். டவரு இத்துனூண்டு போட்டா எப்படி? நல்லா நீட்டி உடுங்க." பின்னாலிருந்து பிள்ளைகள், "தாத்தா, சீக்கிரம்!" என்று கத்தினார்கள். "இருங்கடா, வண்டி முடியட்டும்" என்றார் தாத்தா, தலையைத் திருப்பாமலே.

நாலு ஐம்பதுக்கு மாதேஸ்வரன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "சோறு கடைசிப் பருக்கை வரைக்கும் தீந்துருச்சுங்க. நூறு இலைக் கட்டு அஞ்சு போயி, ஆறாவதுல பன்னெண்டு. ஐநூத்திப் பன்னெண்டு இலைங்க. மீதிப் பேரு அவிங்கவிங்க கேரியர்லயே உண்டுட்டாங்க."

"பாத்தீங்களா மாப்ள!" என்று சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ற மண்டபத்துல ஒருத்தரும் பசியோட போகல." சொன்ன பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"ஏனப்பா மாதேஸ்வரா, மூணு மணிக்கு அம்பத்தெட்டுதான?"

"ஆமாங்க."

"அப்பறம் இத்தன பேத்தையும் ஆரு பந்திக்குத் தாட்டியுட்டது?"

"நீங்கதானுங்க" என்றார் மாதேஸ்வரன், கள்ளங்கபடமில்லாமல்.

நர்மதா ஒன்றும் தெரியாதவள் போலப் பாயச வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார். அகல்யா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, அப்பா நாளைக்குப் போறாங்களா?"

"எங்க அம்மிணி போறது? உங்கப்பனுக்கு இங்க வேலை தலைக்கு மேல கெடக்குது." படத்தைத் தீனதயாளனிடம் நீட்டினார். "இதப் பெருசாக்கி வண்டியில ஒட்டிக் குடுத்துருங்க மாப்ள. ஒடிசா ரிக்குக்கு வேற ஆளச் சொல்லிக்கறேன்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "அடுத்த வருசம் ஆயரம் இலை. அழைக்கறதுக்கு நானே வாரேன்."

திங்கட்கிழமை காலை ரிக் வண்டியின் கதவில் தீனதயாளன் அந்த ஸ்டிக்கரை ஒட்டினான். தமிழரசு வரைந்த அந்தப் படத்தில், கழுத்தில் முப்பது அட்டை தொங்க, ஒரு பெரியவர் ஒற்றைக் கையால் ரிக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார். கம்ப்ரசர் சரியான இடத்தில் இருந்தது. வண்டி கிளம்பியபோது அவன் கீழே நின்று கையசைத்தான். அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு அகல்யாவும் கையசைத்தாள்.